நடுவிலாளை நம்ப ஏலா

எனக்குக் கார் ஓடத் தெரியாது. இந்தச் சின்ன வசனத்தைச் சொல்லி முடிக்க எனக்கு நாற்பத்தொரு வயது வரை பிடித்தது. அதையும் நானாக ஆசைப்பட்டுச் சொல்லவில்லை. (லைசன்ஸ் இருக்கிறது. அது எப்படிக் கிடைத்தது என்று கேட்காதீர்கள். அது வேறொரு வெட்கக்கேடு.)

ஓடத்தான் தெரியாதே தவிர, கார்களைப் பற்றிக் கதைக்க நன்றாகத் தெரியும். அதிலும் மொறிஸ் மைனர் என்றால் என் வாயை மூட ஆளில்லை. எந்தக் காலத்து மைனருக்கு முன்விளக்கு தாழ இருக்கும், எதற்கு முன்கண்ணாடி நடுவில் பிரிந்திருக்கும், எதற்கு ஒரே வளைந்த கண்ணாடி, எது திரும்பும்போது பக்கத்துத் தூணிலிருந்து சிக்னல் கை நீட்டும், எது விளக்கு மினுக்கும், எல்லாம் மனப்பாடம். கிழக்கிலங்கை மருதமுனையில் ஒரு பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். உராய்வு என்று பாடத்தைத் தொடங்கினால் மைனரின் பிரேக்கில் வந்துதான் நிற்பேன். "சேர், இது சோதினைக்கு வருமா?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். வராது. வரவேண்டிய எதையும் நான் அவ்வளவு ஆசையாகப் படிப்பித்ததில்லை.

என் மனைவி வீடும் மருதமுனைதான். எங்கள் பக்கத்தில் கலியாணம் முடிந்தால் பெண் மாப்பிள்ளை வீட்டுக்குப் போகிற வழக்கமில்லை. பெண்ணுக்கென்று கட்டிக் கொடுத்த வீட்டுக்கு மாப்பிள்ளைதான் போய்ச் சேர வேண்டும். அப்படித்தான் நானும் ஒரு சூட்கேசோடும் மைனர் படங்கள் ஒட்டிய ஒரு கொப்பியோடும் மாமாவின் வளவுக்குள் வந்து சேர்ந்தேன். மாமா கைத்தறிச் சாரன் வியாபாரி. நாளைக்குப் பத்து வசனத்துக்கு மேல் கதைக்கமாட்டார். அவருக்கு மூன்று பெண்பிள்ளைகள். மூத்தவள் என் மனைவி ஜெஸீலா. நடுவிலாள் நஸ்மியா. கடைக்குட்டி ஷிபானா. (இந்த வரிசையைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைக்காததால்தான் இவ்வளவும் எழுத வேண்டியிருக்கிறது.)

ஆறு வருடங்களுக்கு முன் நடுவிலாள் நஸ்மியாவுக்கு அட்டாளைச்சேனையில் மாப்பிள்ளை பேசி, நாளும் வைத்தாயிற்று. ஒரு நாள் நான் சோறு தின்றுகொண்டிருக்கும்போது அவள் வந்து பக்கத்தில் நின்றாள்.

"மச்சான், எல்லார்ட மாப்பிள்ளையும் புது மொடல் கார்ல, வேன்ல வாறாங்க. என்ட மாப்பிள்ளை மைனர்ல வரணும். பார்த்துத் தருவீங்களா?"

சோற்றுக் கையோடு எழும்பி நின்றுவிட்டேன். இத்தனை வருடம் அந்த வீட்டில் நான் நடத்திய மைனர் வகுப்பில் ஒரு மாணவியாவது தேறிவிட்டாள்! அந்தச் சந்தோசத்தை இப்போது நினைத்தாலும் வெட்கமில்லாமல் இனிக்கிறது.

மாமாவும் தன் பத்தில் மூன்று வசனத்தை எனக்காகச் செலவழித்தார். "மருமகன், நல்ல ஒண்டாப் பாருங்க. அட்டாளைச்சேனையில இருந்து இஞ்ச வரணும். இடைவழியில நிண்டா மானம் கப்பலேறிரும்."

பக்கத்து ஊரான பாண்டிருப்பில் ஒரு ஐயா இருந்தார். நீர்ப்பாசனத்தில் ஓவசியராக இருந்து ஓய்வுபெற்றவர். ஊரெல்லாம் அவரை ஓவசியர் ஐயா என்றுதான் கூப்பிடும். வீட்டுக்குப் பின்னால் ஓலைக் கொட்டகை போட்டு மூன்று மைனர் வைத்திருந்தார். மூன்றும் மூன்று காலத்தவை. விசயத்தைச் சொன்னதும், "உங்கட வீட்டுக் கலியாணமா? தாராளமா எடுங்க சேர். ஆனா மூண்டையும் ஓடிப் பார்த்திட்டு எடுங்க. ஒராள் மாதிரி மத்தாள் இல்ல" என்றார். பிறகு, வீட்டுப் பிள்ளைகளை அறிமுகப்படுத்துவதுபோல் கையைக் காட்டினார். "இவ மூத்தவள். இவ நடுவிலாள். அங்கால நிக்கிறவ கடைக்குட்டி."

எனக்கு அது நன்றாகப் பிடித்துப்போயிற்று. அன்றைக்கே மாமாவிடமும் சொன்னேன். "நம்மட வீடு மாதிரித்தான்" என்று மாமா சிரித்தார். மாமாவின் சிரிப்பு பிறையைவிட அரிதாகத் தெரிவது. அன்றிலிருந்து எனக்கும் மாமாவுக்கும் இடையில் அந்த மூன்று கார்களுக்கும் அதுதான் பெயர்.

ஒரு சனிக்கிழமை காலை கொட்டகைக்குப் போனேன். பாண்டிருப்பிலிருந்து மருதமுனைக்குக் கடற்கரை வீதியால் போய்த் திரும்புவது, அதே வீதி, அதே தூரம், அதே ஓட்டுநர். விஞ்ஞான ஆசிரியன் அல்லவா, பரிசோதனை முறையாக நடக்க வேண்டும். சட்டைப் பையில் குறிப்புப் புத்தகமும் பேனையும் இருந்தன.

முதலில் மூத்தவள். கறுப்பு. முன்விளக்குகள் இரண்டும் மூக்குக்குப் பக்கத்தில் தாழ்ந்து, நித்திரைக் கண்ணோடு பார்ப்பது போல் இருப்பாள். ஸ்டார்ட்டர் குமிழை இழுத்தால் ஒரு தும்மல் தும்மிவிட்டுத் தன்பாட்டில் ஓடத் தொடங்குவாள். இவளுடைய எஞ்சின் பழைய முறை, வால்வுகள் பக்கவாட்டில் இருக்கும். அதனால் அவசரம் என்பதே தெரியாது. ஆனால் டொப் கியரில் போட்டுவிட்டு ஆள் நடக்கிற வேகத்தில் போனாலும் முனகமாட்டாள். பிரேக் மட்டும் மூன்று வீட்டுக்கு முன்பே விண்ணப்பம் போட வேண்டும். வழியில் ஒரு மதகு, அதன் மேடு ஒரு முழம்கூட வராது, அதில் ஏறும்போது அவளோடு சேர்ந்து நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். திரும்பும்போது தூணிலிருந்து டக்கென்று கை நீட்டினாள். எதிரே வந்த மீன் சைக்கிள்காரர் மரியாதையாக ஒதுங்கி வழிவிட்டார்.

அடுத்தது நடுவிலாள். பச்சை. கண்ணாடி நடுவில் பிரிந்தவள், விளக்குகள் மட்கார்டில் ஏறியிருக்கும். மூத்தவளுக்குப் பின்னால் வந்த எஞ்சின், வால்வுகள் தலையில். புதுசு என்பதால் வேகம் என்று நினைத்தால் பிழை. எஞ்சின் சின்னது, கியர்கள் ஒன்றுக்கொன்று தூரத்துச் சொந்தம். ஒன்றிலிருந்து அடுத்ததுக்கு மாறுவதற்குள் வேகம் விழுந்துவிடும், அதனால் மெனக்கெட்டு மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். இவ்வளவும் எனக்குப் புத்தகத்தில் தெரியும். வீதியில் தெரியாது.

இரண்டு கிழமையாக எடுக்காத கார் என்று ஐயா தானே ஏறியிருந்து ஒரு குமிழை இழுத்துவிட்டு ஸ்டார்ட் போட்டார். மூன்று தடவை இருமி, நாலாவதில் பிடித்தாள். அவர் இறங்க, நான் ஏறினேன். கியர் போட்டு நகர்கிறேன், ஐயா பின்னால் ஓடிவந்தபடி ஏதோ கத்தினார். எஞ்சின் சத்தத்தில், "சேர், சோக்க..." என்பது மட்டும்தான் காதில் விழுந்தது.

சோக்கா இரிக்கா, நல்லா ஓடுதா என்று கேட்கிறார், பாவம், தன் பிள்ளையைப் பற்றி எவ்வளவு அக்கறை என்று எனக்கு மனம் நெகிழ்ந்தது. கையை வெளியே போட்டு ஆட்டினேன். "ஓம் ஐயா! நல்ல சோக்கா இரிக்கி!"

அவர் இன்னும் உரக்கக் கத்தினார். நானும் இன்னும் வேகமாகக் கையை ஆட்டினேன்.

அந்த ஓட்டத்தை எப்படிச் சொல்வேன்! கத்தினாள் நடுவிலாள், அப்படியொரு கத்தல். கரும்புகை பின்னால் துரத்தியது. பெற்றோல் மணம் மூக்கைத் துளைத்தது. விக்கல் எடுத்தவள்போல் இழுத்து இழுத்துப் போனாள். நீளமான கியர்த் தடி சோற்றுப் பானைக்குள் விட்ட அகப்பைபோல் ஆடிக்கொண்டு நின்றது. நாலாவது கியரைத் தேடிப் பார்த்தேன், அகப்படவில்லை. இருக்கிறதே போதும் என்று மூன்றாவதிலேயே போய்த் திரும்பினேன். கொட்டகைக்கு அரைக் கட்டை தூரம் இருக்கும்போது ஒரேயடியாக நின்றுவிட்டாள். கரையில் கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்த மூன்று பேர் எழும்பி வந்து தள்ளினார்கள். "வாத்தியார், கார விட நீங்கதான் கூடப் புகை விடுறீங்க" என்றார் ஒருவர். கோபம் என் தலையால் வந்துகொண்டிருந்தது உண்மைதான்.

ஐயா என் முகத்தைப் பார்த்தார், காருக்குள் எட்டிப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. (அவர் அப்போது ஏன் ஒன்றும் சொல்லவில்லை என்பது பின்னேரம்தான் எனக்கு விளங்கியது.)

கடைசியாகக் கடைக்குட்டி. வெள்ளை. ஒரே வளைந்த கண்ணாடி, பெரிய எஞ்சின், கைக்குள் அடங்கும் குட்டைக் கியர்த் தடி. மிதித்தால் போகிறாள், பிடித்தால் நிற்கிறாள். மதகு வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை. கை நீட்டுகிற வேலை இல்லை, விளக்கு மினுங்கும். நாலாவது கியர் தானாக வந்து கையில் விழுந்தது. மூன்று பேருக்கும் பொதுவாக இருந்தது ஸ்டியரிங் ஒன்றுதான். அந்த விசயத்தில் மூவரும் ஒரே தாயின் பிள்ளைகள், சொன்ன பக்கம் சொன்ன அளவு திரும்பினார்கள். மற்றபடி கடைக்குட்டிக்கு நிகர் கடைக்குட்டிதான். இறங்க மனமில்லாமல் இறங்கினேன்.

மாமா முடிவுக்காகக் காத்திருந்தார். அவருக்குக் கண்ணாடி இல்லாமல் எழுத்து வாசிக்க ஏலாது, ஆகவே வட்ஸ்அப்பில் வொய்ஸ் போடுவதுதான் வழக்கம். என் தொலைபேசியில் இரண்டு குழுக்கள் இருந்தன. ஒன்று 'மாமா வீடு', எங்கள் குடும்பம் மட்டும். மற்றது 'மாப்பிள்ளை வீடு', கலியாண ஏற்பாட்டுக்கென்று மாப்பிள்ளையின் தாய்மாமன் தொடங்கியது, இரண்டு பக்கத்தாரும் அதில் இருந்தார்கள். கடற்கரை வெயில் திரையில் பட்டுக் கண் கூசியது. 'மா' என்று தொடங்கியதை அமத்தினேன். நான் சொன்னது இதுதான், ஒரு எழுத்துக்கூட மாற்றவில்லை:

"அஸ்ஸலாமு அலைக்கும் மாமா. மூணு பேரையும் நல்லாப் பார்த்திட்டன். மூத்தவள் குணம் தங்கம், தன்ட பாட்டுல போவாள். ஆனா வயசு போயிட்டு, மேடு கண்டா மூச்சு வாங்குது. இந்த நடுவிலாள் இரிக்காளே, அவள நம்ப ஏலா மாமா. வெளிப்பார்வைக்குத்தான் வடிவு. காலைல எழுப்புறதுக்குள்ள நம்மட உயிர் போயிரும். எழும்பினாலும் சும்மா கத்துறாள். ஊர்ச் சனமெல்லாம் பார்க்குது, எனக்கு வெக்கமாப் போயிட்டு. கடைக்குட்டிதான் மாமா சரி. சத்தமில்ல, சொன்ன சொல்லுக் கேட்பாள், எவ்வளவு தூரமும் சளைக்காம வருவாள். நடுவிலாள விட்டுப்போட்டுக் கடைக்குட்டியையே மாப்பிள்ளைக்குக் குடுப்பம்."

இரண்டு நிமிடத்தில் மாமாவின் பதில் வொய்ஸ் வந்தது. "அல்ஹம்துலில்லாஹ். எனக்கும் அதுதான் விருப்பம். கடைக்குட்டியையே குடுப்பம்."

நிழலுக்கு வந்து திரையைப் பார்த்தேன். மேலே 'மாப்பிள்ளை வீடு' என்று இருந்தது.

அழிக்க வேண்டும், உடனே அழிக்க வேண்டும். விழுந்தடித்துக்கொண்டு அழித்தேன். 'எல்லோருக்கும் அழி' என்பதற்குப் பதிலாக 'எனக்கு மட்டும் அழி' என்பதை அமத்தியிருக்கிறேன். ஆக, அந்த வொய்ஸ் உலகத்தில் எல்லோரிடமும் இருந்தது, என்னிடம் மட்டும் இல்லை. அவசரமாக, "அது கார்" என்று எழுதிப் போட்டேன். மாப்பிள்ளையின் தாய்மாமன் உடனே பதில் எழுதினார்: "பெண்பிள்ளைகளை உங்கள் ஊரில் கார் என்றா சொல்வீர்கள்?"

முதல் அழைப்பு நஸ்மியாவுடையது. விம்மிக்கொண்டிருந்தாள்.

"மச்சான், நான் காலைல எழும்ப மாட்டன் எண்டு உங்களுக்கு ஆர் சொன்னது? ஜெஸீலா ராத்தாதானே?"

"புள்ள, அது கார் புள்ள! பச்சைக் கார்!"

"எனக்கு விளங்குது. அவங்களுக்கு? மாப்பிள்ளைட உம்மா நம்மட வாப்பாக்குக் கோல் எடுத்து, அஸருக்குப் பிறகு வாறம், பேசணும் எண்டு சொல்லியிரிக்கா. மச்சான், இந்தக் கலியாணம் நிண்டா நான் ஆர்ர முகத்துல முழிக்கிற?"

மைனரில் மாப்பிள்ளை வர வேண்டும் என்று அந்த வீட்டிலேயே என்னை நம்பிக் கேட்ட ஒரே ஒரு பிள்ளை. அவளுடைய கலியாணத்தை என் வாயாலேயே குழப்பிவிட்டேனே!

இதற்கிடையில் மாப்பிள்ளைப் பையன் எனக்குத் தனியாக, அண்ணன் முறை வைத்து ஒரு செய்தி அனுப்பியிருந்தான்: "காக்கா, எனக்கு விளங்கிட்டு, நானும் மைனர் பிரியன்தான். நடுவிலாளை மாத்திராதீங்க. உம்மாவுக்கு மட்டும் எப்படியாவது விளங்கப்படுத்துங்க." அந்த நேரத்தில் அவன் முன்னால் இருந்திருந்தால் கட்டிப்பிடித்திருப்பேன்.

அஸர் தொழுகைக்குப் பிறகு மாப்பிள்ளையின் உம்மாவும் தாய்மாமனும் வந்தார்கள். உம்மா சின்ன உருவம், ஆனால் அவர் உள்ளே வந்ததும் மின்விசிறிகூட மெதுவாகச் சுற்றியதுபோல் இருந்தது. தேத்தண்ணியைத் தொடவில்லை. மாமா நடந்ததைச் சொன்னார். அன்றைக்கு மாமா பத்து வசனக் கணக்கையெல்லாம் விட்டு நாற்பது வசனம் கதைத்தார்.

உம்மா கடைசி வரை கேட்டார். "மகன அனுப்பிப் போட்டு நாங்க அங்க இரிக்கப் போறம். அவன் காலம் பூரா இந்த வீட்டுலதான் இரிக்கப் போறவன். கத்துற வீட்டுலயா, கத்தாத வீட்டுலயா எண்டு நான் பார்க்க வேணாமா? நீங்க கார் எண்டு சொல்றீங்க. ஒரு ஆள்ட்ட மூணு மைனரா? அதுக்கு மூத்தவள், நடுவிலாள் எண்டு பேரா? கண்ணால பார்த்தாத்தான் நம்புவன்."

"வாங்க மாமி, இப்பவே போவம்" என்று துள்ளி எழும்பினேன். உண்மை என் பக்கம் இருக்கிறது, எனக்கென்ன பயம்? நடுவிலாள் அவர்கள் முன்னிலையில் இரண்டு தடவை கத்தினால் போதும், வழக்கு முடிந்தது.

மாமா, ஜெஸீலா, உம்மா, தாய்மாமன், ஐயா, நான் என்று கொட்டகையில் ஆறு பேர் கூடினோம். மூன்று கார்களையும் பார்த்ததும் தாய்மாமனின் முகம் கொஞ்சம் இளகியது. உம்மா இளகவில்லை. தொலைபேசியை எடுத்து என் வொய்ஸைத் தயாராக வைத்துக்கொண்டு ஐயாவிடம் கேட்டார்.

"ஐயா, இதுல நடுவிலாள் ஆரு?"

"இந்தா, இவதான் தங்கச்சி" என்று ஐயா பச்சைக் காரைத் தட்டினார். "ஏன், ஆர் என்ன சொன்னது?"

உம்மா வொய்ஸை அமத்தினார். கொட்டகை முழுக்க என் குரல் கேட்டது. காலைல எழுப்புறதுக்குள்ள நம்மட உயிர் போயிரும்.

"எழுப்புங்க பார்ப்பம்."

ஐயா ஏறியிருந்து ஸ்டார்ட்டர் குமிழை இழுத்தார். ஒரே ஒரு இழுவை. பூனைக்குட்டி மடியில் சுருண்டு படுத்ததுபோல் மெதுவாக ஓடத் தொடங்கினாள் நடுவிலாள். எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள்.

உம்மா முன்சீட்டில் ஏறினார், தாய்மாமன் பின்னால். கார் கடற்கரை வீதியால் போயிற்று. நான் கொட்டகை வாசலில் நின்று காதைத் தீட்டிக்கொண்டு அந்தக் காரிடம் கெஞ்சினேன். கத்து. தாயே, கத்து. ஒரு தரம் கத்திக் காட்டு, உனக்குப் புது டயர் வாங்கிப் போடுகிறேன். புகையில்லை, விக்கலில்லை. கடலிரைச்சல்தான் கேட்டது. போன கார் அப்படியே திரும்பி வந்து நின்றது.

உம்மா இறங்கி முந்தானையைச் சரிசெய்தார். பிறகு என்னைப் பார்த்து அமைதியாகக் கேட்டார்.

"இவ கத்தல்லயே மகன். அப்ப கத்துறவ ஆரு?"

மாமா பக்கத்து வேலியைப் பார்த்தார். என் மனைவி என்னைப் பார்த்தாள், அந்தப் பார்வையை நான் எழுதப் போவதில்லை.

அப்போதுதான் ஐயா என்னிடம் வந்து, காதோடு, மிக மரியாதையாகக் கேட்டார். "சேர், நான் சொல்லட்டா? நீங்க சொல்றீங்களா?"

"எத ஐயா?"

"காலைல சோக் குமிழ் வெளியில இழுத்தபடி இரிந்த. அத உள்ள தள்ளுங்க எண்டுதான் நான் பின்னால கத்தினன். நீங்க கையக் காட்டிட்டுப் போயிட்டீங்க. போய் வந்து பார்த்தா குமிழ் வெளியில, கியர் மூண்டுல. பிளக்கெல்லாம் கரி. படிப்பிக்கிற ஆள், வெக்கப்படுத்தக் கூடா எண்டு நான் பேசாம துடைச்சு வச்சன்."

நடுவிலாளில் ஒரு குறையுமில்லை. குளிர்ந்த எஞ்சினை எழுப்ப மட்டும் இழுக்க வேண்டிய சோக்கை இழுத்து வைத்துக்கொண்டு, நாலு கியர் உள்ள வண்டியை மூன்றாவதிலேயே விரட்டினால் எந்தப் பிள்ளைதான் கத்தமாட்டாள்? மூன்று கார்களை ஒப்பிடப் போன விஞ்ஞான ஆசிரியன், பரிசோதனையில் பழுதான கருவி தான்தான் என்பதைக் கவனிக்கவில்லை.

சொல்லாமல் விட்டால் ஐயா காட்டிக்கொடுக்கமாட்டார். காலையில் பழுதாக இருந்தது, பிறகு திருத்தினார் என்று நான் சமாளித்திருக்கலாம். ஆனால் அதை உம்மா நம்பமாட்டார் என்பது அவருடைய கண்ணில் தெரிந்தது. வீட்டில் நஸ்மியா அழுது வீங்கிய முகத்தோடு குந்திக்கொண்டிருப்பாள் என்பதும் எனக்குத் தெரிந்தது. இத்தனை வருடம் நான் கட்டிக் காத்த பெயரை ஒரு தட்டில் வைத்தேன், அந்த முகத்தை மற்றத் தட்டில் வைத்தேன்.

"மாமி, எனக்குக் கார் ஓடத் தெரியாது" என்றேன்.

உம்மா கையிலிருந்த தொலைபேசியைத் தாழ்த்தினார்.

"சோக்கைத் தள்ளச் சொல்லி ஐயா கத்தினாரு. சோக்கா இரிக்கா எண்டு கேட்கிறாரு எண்டு நினைச்சிட்டன். நாலாவது கியர் எங்க இரிக்கி எண்டும் தெரியல்ல. அவள் கத்தினது என்னால. வொய்ஸ்ல நான் சொன்ன குறையெல்லாம் ஓடினவன்ட குறை மாமி."

"சோக்கா இரிக்கி எண்டா சொன்னீங்க?" என்றார் உம்மா.

"ஓம் மாமி."

"கையையும் ஆட்டினீங்க?"

"ரெண்டு தரம்."

முதலில் உம்மாவின் தோள்தான் குலுங்கியது. முந்தானையால் வாயைப் பொத்திப் பார்த்தார், முடியவில்லை. மைனரின் மட்கார்டைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தாய்மாமன் சிரித்தார், ஐயா சிரித்தார், மாமாவும் சிரித்தார். மாமாவின் பற்களை நான் முழுதாகப் பார்த்தது அன்றைக்குத்தான். வெட்கத்தில் செத்துப்போனாலும் நெஞ்சிலிருந்து ஒரு பாறாங்கல் உருண்டு விழுந்ததுபோல் இருந்தது.

"இவ்வளவு பேருக்கு முன்னால ஒரு ஆம்புள இப்பிடிப் பொய் சொல்லமாட்டான்" என்று உம்மா தீர்ப்பளித்தார். "அப்ப நடுவிலாளில குறையில்ல. என்ட மகன் இந்த நடுவிலாள்ள ஏறித்தான் அந்த நடுவிலாள்ட வீட்டுக்குப் போகணும். ஆனா ஒரு கண்டிசன்."

"சொல்லுங்க மாமி."

"இவர் ஓடப் படாது."

கலியாணத்தன்று ஐயாதான் ஓடினார். அட்டாளைச்சேனையிலிருந்து ஒலுவில், நிந்தவூர், காரைதீவு, கல்முனைக் கடைத்தெரு என்று வழியெல்லாம் சனம் நின்று பார்க்க, மாப்பிள்ளை பச்சை மைனரில் வந்து நேரத்தோடு இறங்கினார். நான் பின்னால் வந்த வேனின் கடைசிச் சீட்டில், கலியாண இனிப்பான வட்டிலப்பச் சட்டிகளுக்குக் காவலாக வந்தேன்.

என் மனைவி அந்த விசயத்துக்காக என்னோடு ஒரு நாளும் சண்டை பிடிக்கவில்லை. அடுத்த நாள் காலையில் தேத்தண்ணி கேட்டேன். அடுப்படிக்கு இரண்டு படி ஏற வேண்டும். "மேடு கண்டா எனக்கு மூச்சு வாங்கும், வயசு போயிட்டுத்தானே, நீங்களே போடுங்க" என்றாள். ஆறு வருடமாக நானேதான் போடுகிறேன். எங்கள் வீட்டில் யாராவது காலையில் எழும்பப் பிந்தினால், "சோக்க இழுங்க" என்று அடுத்த அறையிலிருந்து ஒரு குரல் வரும். விருந்தாளிகளுக்கு விளங்காது, நாங்கள் விளக்குவதுமில்லை.

போன வருடம் கடைக்குட்டி ஷிபானாவுக்கு அக்கரைப்பற்றிலிருந்து பெண் கேட்டு வந்தார்கள். ஷிபானாவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். நல்ல பிள்ளை, தங்கமான மனம். ஆனால் அவள் அடுப்படியில் கதைத்தால் பள்ளிவாசல் வரைக்கும் கேட்கும். சொன்ன சொல்லை அவள் கேட்டதாக எங்கள் வளவில் வரலாறில்லை.

வந்தவர்களில் மூத்த பெரியவர் சாய்ந்து உட்கார்ந்து, திருப்தியோடு சொன்னார். "நாங்க வேற எங்கயும் விசாரிக்கல்ல. வொய்ஸ் கேட்டம்."

"என்ன வொய்ஸ்?" என்றார் மாமா.

"இந்தப் பக்கமெல்லாம் சுத்தின வொய்ஸ்தானே. அஞ்சு வருசத்துக்கு முந்தியே எங்கட வீட்டுப் பொம்புளைகள் கேட்டு வச்சிட்டாங்க. 'கடைக்குட்டி சத்தமில்ல, சொன்ன சொல்லுக் கேட்பாள், எவ்வளவு தூரமும் சளைக்காம வருவாள்.' கூட இரிக்கிற மச்சானே சொன்னா அதுக்கு மேல விசாரணை என்னத்துக்கு? அந்த மருமகன் நீங்கதானே?"

"ஓம், ஆனா அது வந்து..." என்று நான் தொடங்கினேன்.

மாமா கேக் தட்டைத் தூக்கி என் முகத்துக்கு நேரே நீட்டினார். "மருமகன், வாயில எதையாவது போடுங்க."

நான் போட்டேன். பெரிய துண்டாகப் போட்டேன். அந்த நேரம் பார்த்து அடுப்படியில் ஏதோ தட்டு விழுந்து நொறுங்க, ஓடு பறக்கிற மாதிரி ஒரு கத்தல் எழுந்தது. பெரியவரின் கையிலிருந்த தேத்தண்ணிக் கோப்பை ஆடி நின்றது.

"அல்லாஹ்! அது ஆரு?" என்றார்.

திரைக்குப் பின்னாலிருந்து, கொஞ்சமும் யோசிக்காமல், என் மனைவி பதில் சொன்னாள்.

"அது நடுவிலாள்."